கார் வந்த காலத்துக் கட்டடங்கள்

சென்னை மவுண்ட் ரோடில் நடப்பதற்கென்றே நடந்த காலம் ஒன்று இருந்தது. எழுபதுகளில், சட்டைப்பையில் பஸ்ஸுக்கு மட்டும் சில்லறை வைத்திருந்த எங்களுக்கு, சிம்சனில் இறங்கி ஸ்பென்சர் கடை வரை கால்போன போக்கில் போவதும், வழியில் ஹிக்கின்பாதம்ஸின் உயரமான கூரைக்குக் கீழே புத்தகங்களைப் புரட்டிவிட்டு வெறுங்கையோடு வெளியே வருவதும், மோட்டார் கம்பெனிக் கண்ணாடிக்கு அப்பால் பளபளத்து நின்ற அம்பாசிடரை நெற்றி கண்ணாடியில் பதியப் பார்த்துக்கொண்டிருப்பதுமே ஒரு சாயங்காலத்துக்குப் போதுமான சந்தோஷம். அந்தக் கண்ணாடியின் குளிர்ச்சி உங்களுக்கும் நினைவிருக்கலாம்.

1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்சன் கம்பெனியில்தான், 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைச் செய்து சென்னைத் தெருக்களில் ஓட்டினார் என்பதெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது. வண்டிப் பட்டறை மோட்டார் பட்டறையாக மாறியதையும், மருந்துக்கடைக்காரரும் கடிகாரக்காரரும் அரண்மனை மாதிரிக் கடை கட்டியதையும் பார்த்த சாலை அது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் இவற்றில் எதுவுமில்லை. தலைமை அஞ்சலக வளாகத்துக்குள் ஒதுங்கி நின்ற சின்னக் கட்டடம் அது. புதுத் தபால்தலை வெளியாகும் நாளில் முதல்நாள் உறைக்காக அங்கே வரிசையில் நிற்போம். கவுண்டருக்குப் பின்னாலிருப்பவர் உறையை நேராக வைத்து, முத்திரையை மையில் தொட்டு, தபால்தலையின் ஓரத்தில் பாதி, உறையில் பாதியாக விழும்படி ஒரே அழுத்தாக அழுத்துவார். மை காயும்வரை ஊதிக்கொண்டே வீடு வருவோம். வார்விக் மேஜர் 1913இல் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டர் அதுதான் என்றும், ஊமைப்படம் ஓடிய கொட்டகைக்குள்தான் தபால்தலை வாங்கினோம் என்றும் வெகுகாலம் கழித்துத் தெரிந்தபோது, அந்த இடத்தின் மேல் பிரியம் இரட்டிப்பானது.

ஸ்பென்சரின் பழைய கட்டடம் எண்பதுகளில் தீக்கிரையாகி, அங்கே குளிரூட்டிய வணிக வளாகம் எழுந்தது. வெயிலுக்கு இதம்தான், மறுக்கவில்லை. கடிகாரக் கடையான பி. ஆர் அண்ட் சன்ஸின் பின்கட்டு மெட்ரோவுக்காகப் போனது. அந்த மெட்ரோவில் நானும் ஏறி வசதியாகப் போகிறேன். ஆனால் 1897இல் டபிள்யூ. இ. ஸ்மித் மருந்துக்கடைக்காக எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது வயிறு எரிந்தது. மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் உயர் நீதிமன்றம் போய், 2010இல் தீர்ப்பு வாங்கித்தான் அதைத் தக்கவைக்க முடிந்தது.

இடிக்காமல் விட்டால் மட்டும் போதாது. ஆளில்லாத கட்டடத்தில் முதலில் ஓடு நழுவும், பிறகு உத்தரத்தில் மழைநீர் இறங்கும், அப்புறம் சுவர்ப்பிளவில் அரசங்கன்று முளைக்கும். எலக்ட்ரிக் தியேட்டர் நூறாண்டு தாண்டியதற்குக் காரணம், காலையில் அதைத் திறந்து பெருக்கி உட்கார ஓர் அலுவலகம் இருந்ததே. லண்டனில் மிஷலின் டயர் கம்பெனி 1911இல் திறந்த மாளிகையும் அப்படித்தான். 1987இல் அங்கே உணவகமும் கடையும் திறந்தன, முகப்பும் ஓட்டுச் சித்திரங்களும் இன்றும் இருக்கின்றன.

மவுண்ட் ரோடில் பழைய கட்டடம் வைத்திருப்பவர்களே, பூட்டிப் போடாதீர்கள். புத்தகக்கடையோ, காப்பிக்கடையோ, நூலகமோ, யாருக்காவது வாடகைக்கு விடுங்கள். வாடகை குறைந்தாலும் பரவாயில்லை, கூரை ஒழுகினால் உடனே ஏறிப் பார்க்க உள்ளே ஆள் இருக்கட்டும்.