செருப்புப் போட்டு மீன் வளர்ப்பவர்

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனாலும் சரி, தண்ணீரைப் பற்றிப் பாடம் கேட்காமல் திரும்ப முடியாது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு. வெப்பம் 26 டிகிரி. சென்னையின் மே மாதத்தில் வீட்டு மனிதர்கள் மின்விசிறிக்கு அடியில் வெந்துகொண்டிருக்க, தொட்டிக்குச் சில்லர் ஓடும். மீனுக்கு ஆர்ஓ தண்ணீர். மாமியாருக்கு லாரித் தண்ணீர். கால்சியத்துக்கு ஒரு குப்பி, மக்னீசியத்துக்கு ஒரு குப்பி, நைட்ரேட்டுக்கு ஒன்று. ஒவ்வொரு சொட்டாக விட்டு, நிறம் மாறுகிறதா என்று விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். அவருடைய ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் மட்டும் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்.

இவரும் ஒரு காலத்தில் சாதாரண மனிதர்தான். கொளத்தூரில் கப்பியும் கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கி, கவரில் கட்டி, பைக்கில் தொங்கவிட்டு வந்தவர். அன்றைக்கு ஒரே ஒரு காற்று மோட்டார், ஒரே ஒரு பிளக். கடலுக்கு மாறியதும் ரிட்டர்ன் பம்பு, ஸ்கிம்மர், அலை கிளப்ப இரண்டு மோட்டார், எல்இடி, யூவி விளக்கு, சில்லர், வற்றிய தண்ணீரை ஈடுகட்ட ஒரு தானியங்கிக் கருவி என்று குடும்பம் பெருகிவிட்டது. சுவரில் இருந்த பிளக் பாயின்ட் மட்டும் பெருகவில்லை. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் சொருகிய இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அக்கம்பக்கத்தார் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தாண்டிவிடக் கூடாதே என்று கொசு மட்டையைக்கூட யோசித்துச் சார்ஜ் போடுகையில், இவர் அந்தக் கோட்டை மறந்து வருஷங்கள் ஆகின்றன.

விருந்தாளிகளுக்கு அவர் தொட்டியின் முகத்தை மட்டுமே காட்டுவார். வந்த குழந்தை "நீமோ!" என்று கத்தும், அவர் பூரிப்பார். கீழே இருக்கும் அலமாரிக் கதவைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், பேச்சை மாற்றுவார். அதற்குள்தான் ஃபில்டர் தொட்டி தளும்பிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்திலேயே, தரையில், மல்லாந்த நிலையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பிளக்குகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். தெறிக்கும் துளி காய்ந்து உப்பாகிறது. அந்த உப்பு ஈரத்தை இழுத்து மறுபடி கசிகிறது. அதன் வழியே கரண்டும் ஊர்கிறது. நல்ல தண்ணீரைவிட நூறு மடங்கு தாராளமாகக் கரண்டை விடக்கூடியது கடல் தண்ணீர். தொட்டியிலிருந்து இறங்கும் வயரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால், ஒரு சொட்டு மெல்ல வழுக்கிக்கொண்டே வருவது தெரியும். வயர் எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே போய்த்தான் அது சொட்டும். இவர் வீட்டில் தாழ்ந்த இடம் பிளக்.

"பிளக்கை மேலே மாட்டி, வயரைக் கீழே ஒரு வளைவு விட்டு ஏத்துங்க சார், சொட்டு அங்கேயே விழுந்துடும்" என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். செலவில்லாத யோசனை. அதனாலேயே இவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"எர்த் இருக்கா சார்?"

"அதெல்லாம் பில்டரு குடுத்திருப்பாரு தம்பி."

எலக்ட்ரீஷியன் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். மூன்று ஓட்டைக்கு இரண்டு வயர்.

தொட்டிக்குள் கை விடும்போது விரலில் 'சுருக்' என்கிறது என்பதை இவரும் மறுப்பதில்லை. "அனிமோன் கொட்டுது" என்பார். டெஸ்டரை வைத்தால் எரிகிறதே என்றால், "அது இண்டக்‌ஷன்" என்பார். சில சமயம் அது உண்மையும்கூட. அரைகுறை ஞானத்தில் இதுதான் தொல்லை. கடைசி அஸ்திரம் ஒன்று உண்டு: "மீனுக்கு ஒண்ணும் ஆகலையே!" மின்கம்பியில் உட்காரும் காக்கைக்கும்தான் ஒன்றும் ஆவதில்லை. மீன் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கவில்லை. கரண்டு அதன் வழியாகப் போய்ச் சேர இடமில்லை. இவருக்குத்தான் கால் தரையில் இருக்கிறது.

அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறார். தொட்டிக்கு அருகில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. கை விடுமுன் பயபக்தியோடு அதைப் போட்டுக்கொள்வார். பூஜை அறைக்கு நேர் எதிரான ஆசாரம். அவர் மனைவியின் ஏற்பாடு இன்னும் நம்பகமானது: "இவரு கை விட்டாருன்னா நான் மெயின் சுவிட்சுகிட்டயே நிப்பேங்க."

"எம்சிபி இருக்கே?" என்று நம்மையும் மடக்குவார். எம்சிபி வயரைக் காப்பாற்ற வந்தது, ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்சிபி அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். ஆளைச் சாய்க்க மில்லி ஆம்பியர் கணக்கே போதும். அதற்கென்று இருப்பது ஆர்சிசிபி. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும்.

ஒரு முறை போட்டார்தான். வெளியூர் போயிருந்தபோது அது விழுந்து, பம்பு நின்று, மூச்சுமுட்டி மீன்கள் போய்ச் சேர்ந்தன. துக்கம் விசாரிக்கப் போனவர்களிடம் ஆர்சிசிபியைத்தான் திட்டினார். அதை விழவைத்த விரிசல் விட்ட மோட்டாரைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்த வாரம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "டைரக்டா குடுத்துடு தம்பி" என்றார். அந்தத் தம்பி மறுத்துவிட்டார். வேறொரு தம்பி கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது, தீர்வும் இருக்கிறது. இரண்டு ஆர்சிசிபி போட்டு, ரிட்டர்ன் பம்பை ஒன்றிலும் அலை மோட்டார்களை மற்றதிலும் பிரித்துக் கொடுத்தால், ஒன்று விழுந்தாலும் மற்றது தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்கும். ஒரு புது மீனின் விலையில் முடிகிற காரியம்.

தொட்டி வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஆர்சிசிபியின் முகத்தில் 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தானை இன்றைக்கு அமுக்கிப் பாருங்கள். டக்கென்று விழுந்தால் நல்லது, விழாவிட்டால் மாற்றுங்கள். மாதம் ஒரு தடவை போதும். மக்னீசியம் சோதனையைவிடச் சீக்கிரம் முடியும். சொட்டு எண்ண வேண்டியதில்லை.