கருவாட்டுப் பொதியின் முகலட்சணம்: பள்ளிமுனையை முன்வைத்து ஓர் ஆய்வு

கருவாட்டுக்கு மார்க் எதற்கு, மணமே மார்க்தானே என்பது முன்னோர் கொள்கை. பொலித்தீன் பையின் வாயைச் சூடுகாட்டி ஒட்டும் பழக்கம் வந்ததும் அந்தக் கொள்கை காலாவதியானது. மணம் உள்ளே அடைபட, மூக்கு பார்த்த வேலை கண்ணின் தலையில் விழுந்தது. மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் கட்டா, சீலாக் கருவாட்டைப் பொதி செய்து வெளியூருக்கு அனுப்ப நினைக்கும் சிறு வியாபாரி, பொதியில் எந்தப் படத்தைப் போடுவது? பல்கலைக்கழகங்கள் கைவிட்ட இந்த வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

முதலில் முன்னோடிகள். பிரித்தானியாவில் முதலாவதாகப் பதிவான வணிகக் குறி பாஸ் பியரின் சிவப்பு முக்கோணம், ஆண்டு 1876. ஜெர்மனியின் ஏ.ஈ.ஜி. மின்சாதன நிறுவனம் 1907இல் வடிவமைப்பாளர் பீட்டர் பெரென்ஸை அமர்த்தி, தொழிற்சாலை முதல் தேநீர்க் கேத்தல் வரை ஒரே தோற்றத்துக்குக் கொண்டுவந்தது. இவர்கள் எல்லாருக்கும் மூத்தவர் பள்ளிமுனைக் கோயிலிலேயே இருக்கிறார். சிரக்கூசாவில் 304ஆம் ஆண்டளவில் வேதசாட்சியாக மரித்த புனித லூசியாளின் கையில் ஒரு தட்டு, தட்டில் இரண்டு கண்கள். எழுத்தறியாதவரும் சொரூபத்தைப் பார்த்ததும் பெயர் சொல்லிவிடுவார். இராயப்பருக்குத் திறப்பு, செபஸ்தியாருக்கு அம்பு, அந்தோனியாருக்குக் கையில் குழந்தை. ஆளுக்கொரு பொருள், அதற்குமேல் இல்லை. விளம்பர நிறுவனங்கள் பெரும் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லும் விதியும் இதுதான்.

ஆனால் புனிதையைப் பொதியில் அச்சிட முடியாது. காலியான பொதி கடைசியில் குப்பைக்குத்தான் போகும், புனிதையும் கூடவே போவார்.

பொதிப் படத்துக்கு எஞ்சிய வேட்பாளர்களில் பூநாரை அழகுதான். வங்காலைச் சரணாலயத்துக்கு வலசை வரும் அந்தப் பறவையைச் சிறிதாக்கினால் கால்கள் காணாமல் போய், மிஞ்சுவது இளஞ்சிவப்பு வாத்து. 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்த மன்னார்க் கோட்டை? யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, காலி என்று கரையோரமெங்கும் கோட்டைதான். மன்னார்க் கழுதைக்குத் தகுதி அதிகம்; தமிழ்நாட்டுக் கடைகளில் 'என்னைப் பார் யோகம் வரும்' என்று ஏற்கெனவே படமாகத் தொங்கி அனுபவம் பெற்ற இனம். எனினும் உணவுப் பொதியில் கழுதையைக் கண்டால், உள்ளே இருப்பது என்ன இறைச்சி என்று யாராவது கேட்பார்கள்.

மிஞ்சுவது பெருக்கமரம் என்ற பாவோபாப். அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டதாக நம்பப்படும் பள்ளிமுனை மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர், உயரமோ 7.5 மீற்றர்தான். மரங்களில் இதுவே தொந்தி விழுந்த மரம். 1749இல் செனகலுக்குப் போன தாவரவியலாளர் மிசேல் அதான்சனின் பெயரை இந்த மரத்தின் பேரினத்துக்கு லின்னேயஸ் சூட்டினார். இலை உதிர்ந்தால் வேரை மேலே வைத்து நட்டதுபோல் நிற்கும். எவ்வளவு சிறிதாக்கினாலும், ஒற்றைக் கறுப்பில் அச்சிட்டாலும், ஆள் அடையாளம் தெரியும்.

சட்டமும் கவனிக்கத்தக்கது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பொருளின் வகையையும் ஊரையும் மட்டும் சொல்லும் குறியைப் பதிய முடியாது. 'மன்னார்க் கருவாடு' என்ற வெறும் சொற்கள் யாருக்கும் தனிச்சொத்தாகா. மரத்தை எவரும் வரையலாம். ஆகவே கிளை எத்தனை, எந்தப் பக்கம் சாய்வு என்பதில்தான் வியாபாரி தன் கைவரிசையைக் காட்ட வேண்டும்.

படத்தின் அளவு பற்றிய விதியை எழுதுபவர் கடைக்கு வரும் அம்மாதான். அவர் பொதியை எடுத்ததும் படத்தைப் பார்ப்பதில்லை. திருப்பிப் பிடித்து, மீனின் வயிற்றுப் பக்கம் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறார். படம் பெரிதாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று பொதியை வைத்துவிட்டு நடப்பார். எனவே மரம் பெருவிரல் நகத்தளவு, மேல்மூலையில். மற்ற இடமெல்லாம் கட்டாவுக்கு.