கேள்வி கேட்காத பரிசோதனை

ஹைதராபாத்தின் முழு உடல் பரிசோதனைத் திட்டங்களுக்கு இருக்கும் மரியாதை வேறு யாருக்கும் வராது. ஐம்பது கடந்த ஆணிடம் எதையும் துருவிக் கேட்கக் கூடாதென்பது அவற்றின் பண்பு. காலை ஆறரைக்கு குக்கட்பல்லியில் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தும் தம்பி, "ஃபாஸ்டிங்கா சார்?" என்பதோடு நிறுத்திக்கொள்வார். போன வாரம் காய்ச்சலா, சிறுநீர் கழிக்கையில் எரிச்சலா, நேற்று நெடுநேரம் சைக்கிள் மிதித்தீர்களா என்றெல்லாம் அந்தரங்கத்தில் மூக்கை நுழைக்கமாட்டார். எழுபது எண்பது சோதனைகளுக்கு நடுவே பி.எஸ்.ஏ.வும் கொசுறாக வரும். மாலைக்குள் வாட்ஸ்அப்பில் 6.8 என்று தடித்த சிவப்பு எழுத்தில் வந்து நிற்கும். நள்ளிரவுக்குள் டல்லாஸிலிருந்து மகன் அழைத்துவிடுவான். பிள்ளைகளை அப்பாவோடு பேசவைப்பதில் இதற்கு இணையான சாதனம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அந்த எண்ணின் நடுநிலைமை தனிப் பாராட்டுக்குரியது. பி.எஸ்.ஏ. என்பது விந்தை இளக்குவதற்காகப் புராஸ்டேட் சுரக்கும் புரதம். சுரப்பிக்குள் ஏராளமாக இருக்கும். ரத்தத்தில் துளியளவே கசியும். சுரப்பிக்கு எந்தத் தொந்தரவு வந்தாலும் கசிவு கூடலாம். புற்றுநோயா, வயதின் வீக்கமா, கிருமி தந்த அழற்சியா, சிறுநீர்க்குழாய் செருகியதா என்ற பேதம் பாராமல் எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு மை. பாக்டீரியா தொற்றிய புராஸ்டேட் அந்த எண்ணைப் பல மடங்கு ஏற்றிவிட்டு, இறங்க வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். வைரஸ்களும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்க ராணுவ இளைஞர்களின் சேமித்த ரத்தத்தை ஆராய்ந்தபோது, சுரப்பிக் காய்ச்சல் (மோனோநியூக்ளியோசிஸ்) கண்டவர்களில் சிலருக்கு அந்த எண் ஏறியிருந்தது. கோவிட் நோயாளிகளிடமும் சில ஆய்வுகள் இதைக் கண்டன. எல்லா வைரஸும் எல்லாருக்கும் ஏற்றிவிடும் என்பதில்லை. இவருக்கு ஏற்றியதா என்று அறிய, காய்ச்சல் வந்ததா என்று கேட்கவேண்டும். அதுதான் மரியாதைக் குறைவாயிற்றே!

அதுவும் எந்த ஊரில்! 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது இந்த இரட்டை நகரத்தில். நல்லகுண்டாவின் காய்ச்சல் ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்; மழைக்காலம் வந்தால் அங்கே வரிசை நீளும். அதே மழைக்காலத்தில் டெங்கு சோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தவரிடமே, "இன்னும் கொஞ்சம் போட்டால் ஃபுல் பாடியே பார்த்துவிடலாம் சார்" என்று சொல்லும் பரிவை எந்த ஊர் கற்கப்போகிறது?

நன்றி கெட்டவர்களும் உண்டு. 1970இல் புராஸ்டேட்டின் இந்த பி.எஸ்.ஏ.வை அடையாளம் கண்ட ரிச்சர்ட் ஏப்ளின், 2010இல் நியூயார்க் டைம்ஸில் இந்தச் சோதனையை ஊருக்கெல்லாம் செய்வதைக் கண்டித்து எழுதினார். 2014இல் புத்தகமே போட்டார். பெற்ற தகப்பனே பிள்ளையைத் திட்டினால் பிள்ளை வளராதா என்ன? 1986இல் அமெரிக்கா இதை அனுமதித்தது, புற்றுநோய் உறுதியானவர்களைத் தொடர்ந்து கவனிக்க. நோயைத் தேட அனுமதி கிடைத்தது 1994இல். அங்குள்ள நிபுணர் குழு 2018இல், 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கட்டும், எழுபதைத் தாண்டியவர்களுக்கு வேண்டாம் என்றது. நம்மவர்கள் பேசும் சிரமத்தையே நமக்கு மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். எண்பது வயதுத் தாத்தாவையும் ஒதுக்காத மனசு!

அடுத்த கட்டத்தின் சுறுசுறுப்பும் மெச்சத்தக்கது. சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பிக் காத்திருப்பானேன்? கையோடு ஆன்டிபயாட்டிக் எழுதிவிடலாம். தொற்று இருந்தால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், அப்போதும் உயர்ந்திருந்தால் எம்.ஆர்.ஐ., பிறகு தேவையானால் பயாப்ஸி என்று சொல்லும் யூராலஜிஸ்டுகள் ஊரில் இருக்கத்தான் செய்கிறார்கள், பாவம், வியாபாரம் தெரியாதவர்கள். எண் நாலுக்கும் பத்துக்கும் இடையில் உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கே பயாப்ஸியில் புற்றுநோய் தெரியும். மற்ற மூவருக்கும் ஊசிக்குத்து மன நிம்மதிக்காக. மலக்குடல் வழியே ஊசி போனால் அங்குள்ள, மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கும் ஓர் உலா கிடைக்கும்.

பொறுமைசாலி ஒருவர் இரண்டு மாதம் கழித்துத் தன் காசில் மறுபடி பார்க்கிறார் என்று வையுங்கள். 2.1 வருகிறது. முதல் அறிக்கையும் பொய்யில்லை, இரண்டாவதும் பொய்யில்லை. இரண்டுக்கும் ரசீது உண்டு. அன்று மாலையே குறுஞ்செய்தியும் வந்துவிடும்: அடுத்த பரிசோதனைக்கு முப்பது சதவீதம் தள்ளுபடி, மனைவியையும் சேர்த்தால் நாற்பது.