செருப்பைக் கழட்டு, வாயைத் திற

வாடா தம்பி, இப்பிடி இரு. பல்லுக்கொதி எண்டு கன்னத்தைப் பொத்திக்கொண்டு எங்கை ஓடுறாய்? சந்தியிலை புதுசாத் திறந்த அந்தக் கண்ணாடிப் பல்லுக் கடைக்கோ? "அங்கை ஏசி இருக்கு அப்பு, பெரிய மீன் தொட்டி இருக்கு" எண்டுறாய். எனக்கு விளங்கேல்லை. பல்லுப் பிடுங்கப் போறியோ, மீன் வாங்கப் போறியோ?

வாசல்லை போர்டு: செருப்பைக் கழட்டவும். சரி, கழட்டுவம். கோயில் வாசல்லை கழட்டிறதுதானே. ஆனால் ஒண்டு கேக்கிறன். உன்ரை வாய்க்குள்ளை போறது உன்ரை செருப்போ, பல்லு டொக்டர்மாரின்ரை கையோ? காலுக்கு இவ்வளவு சட்டம் போட்டவை கைக்கு என்ன சட்டம் போட்டிருக்கினம் எண்டு நீ பாத்தனியோ?

நான் பாத்தனான். கிளவுஸ் போடுவினம், ஓம். போட்ட கிளவுஸோடை போன் எடுப்பினம். லாச்சியை இழுப்பினம். மேலை தொங்கிற லைற்றைப் பிடிச்சுத் திருப்புவினம். மூக்குக்கண்ணாடியை ஏத்தி விடுவினம். பேந்து அதே விரலை உன்ரை முரசிலை வைப்பினம். அந்தப் போன் காலமை எங்கையெல்லாம் போய் வந்ததோ, ஆர் கண்டது? கிளவுஸ் உன்னையும் காக்கோணும். இப்பிடிப் போட்டால் அவையை மட்டுந்தான் காக்கும்.

மூலையிலை நீல வெளிச்சப் பெட்டி ஒண்டு பளபளக்குது. அதைக் கண்டவுடனை உனக்குப் பக்தியே வந்திட்டுது. அட பெடியா, அவிச்சு எடுத்த ஆயுதத்தை வைக்க அந்தப் பெட்டி பரவாயில்லை. அவிக்கிற வேலையை அது செய்யாது. வெளிச்சம் பட்ட பக்கம் படும். இடுக்குக்குள்ளை, கீழ்ப்பக்கத்திலை படவே படாது. அங்கை இருக்கிற கிருமிக்கு அது வெறும் லைற்.

"சின்னக் கிளினிக், சின்ன வேலை, என்ன வந்திடப்போகுது" எண்டு நீ சொல்லுவாய். கேள் ஒரு கதை. தமிழ்நாட்டிலை, திருப்பத்தூர் மாவட்டத்திலை வாணியம்பாடி. தோல் பதனிடுற ஊர். 2022 ஆடியிலையிருந்து 2023 சித்திரை மட்டும், அந்த வடக்குப் பக்கத்திலை 21 பேருக்கு ஒரு மாதிரி வருத்தம். காய்ச்சல், தலையிடி, பேச்சுக் குழறல், சிலருக்கு முகம் ஒரு பக்கம் இழுத்துப்போச்சு. மூளையைப் பிடிக்கிற மெலியோய்டோசிஸ் எண்ட கிருமி வருத்தம். விசாரிச்சுக்கொண்டு போனால், அதிலை 10 பேர் ஒரே பல்லு கிளினிக்கிலை வாய் திறந்தவை. அந்தப் பத்துப்பேரிலை 8 பேர் செத்துப்போச்சினம்.

என்ன நடந்தது? பெரிய மெஷின் ஒண்டும் வெடிக்கேல்லை. ஒரு சேலைன் போத்தில். வாய் கழுவிற உப்புத் தண்ணி. அதின்ரை மூடியைத் திறக்கிறதுக்கு, முரசை எலும்பிலையிருந்து கிளப்புற ஆயுதத்தாலை குத்தியிருக்கினம். அந்த ஆயுதம் அவிக்காதது. பேந்து மிச்சத் தண்ணிக்குப் பஞ்சாலை ஒரு மூடி. அடுத்த ஆளுக்கும் அதே போத்தில். அதுக்கடுத்த ஆளுக்கும் அதே போத்தில். கிருமி அந்தப் போத்திலுக்குள்ளையே இருந்ததை வேலூர் சி.எம்.சி. ஆக்களும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து ஆக்களும் கண்டுபிடிச்சு 2025இலை எழுதிப்போட்டினம். மிச்சம் பிடிக்கப் பாத்தது என்ன? அரைப் போத்தில் உப்புத் தண்ணி.

அந்தக் கிருமி இந்தியாவுக்கு மட்டும் சொந்தமில்லை, தம்பி. மண்ணிலையும் வெள்ளத் தண்ணியிலையும் சீவிக்கிற சாதி. இலங்கை மண்ணிலையும் இருக்கு. களனி ஆறு கரை மேவினால் கொழும்பு மட்டக்குளித் தெருவிலை என்ன ஓடும் எண்டு உனக்கு நான் சொல்லித் தரவேணுமோ?

இப்ப நல்ல வேலை எப்பிடி எண்டு கேள். ஒட்டோக்கிளேவ் எண்டு ஒண்டு இருக்கு. பேரைக் கேட்டுப் பயந்திடாதை. உன்ரை அம்மா பருப்பு அவிக்கிற பிறஷர் குக்கரின்ரை பெரியண்ணன், அவ்வளவுதான். 121 பாகை எண்டால் 15 நிமிஷம், 134 பாகை எண்டால் 3 நிமிஷம். ஆனால் அதுக்கு முன்னம் ரத்தமும் சளியும் போகத் தேய்ச்சுக் கழுவோணும். அழுக்கு ஒட்டியிருந்தால் நீராவி அதுக்குக் கீழை போகாது. கழுவிக் காயவைச்சு, பைக்கற்றுக்குள்ளை போட்டு அவிச்சால் பைக்கற்றிலை ஒரு அடையாளம் நிறம் மாறும். சூடு பட்டது எண்டதுக்கு அது சாட்சி. கிருமி செத்ததுக்கு வேறை சோதனை இருக்கு. கிழமைக்கு ஒருக்கா வித்துக் கிருமியை உள்ளுக்கு வைச்சுப் பாக்கிறது. கேட்டுப் பார், எத்தினை பேர் முழிப்பினம் எண்டு.

இன்னொண்டு. எச்சில் உறிஞ்சிற குழாயை உதட்டாலை இறுக்கிப் பிடிக்காதை. பிடிச்சால், குழாயிலை முந்தி இருந்தது திரும்பி வாய்க்கு வரப் பாக்கும். குளிர்பானம் குடிக்கிற மாதிரி உறிஞ்சாமல் சும்மா வாயைத் திறந்து வைச்சிரு. ஆ எண்டு இருக்கிறதுக்குத்தானே காசு குடுக்கிறாய்?

சுவரிலை சட்டம் போட்ட சான்றிதழ்கள் ஒரு டசின் தொங்கும். சிரிப்பை வடிவாக்கிற பயிற்சி, ரெண்டு நாள் பயிற்சி, வெளிநாட்டுப் பயிற்சி. உதுகளை விட்டிட்டு ரெண்டைத் தேடு. டொக்டர் இலங்கை மருத்துவச் சபையிலை பதிஞ்ச ஆளோ? 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அந்த இடம் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையிலை இந்த வருஷத்துக்குப் பதிஞ்சிருக்கோ? போன வருஷத்துக் கடுதாசி எண்டால் மீன் தொட்டியைப் பாத்திட்டு வந்திடு.

உள்ளதைச் சொல்லோணும். ஏசியும் இல்லாமல், மேசை விசிறியோடை, ஆளுக்கு ஆள் கை கழுவி, கிளவுஸ் மாத்தி, பைக்கற் உடைச்சு வேலை செய்யிற சின்ன டொக்டர்மாரும் கொழும்பிலை இருக்கினம். அவைக்குப் பெரிய போர்டு இல்லை. அதாலை உன்ரை கண்ணுக்குத் தெரியேல்லை.

சரி, எழும்பு. கதிரையிலை சாய்ஞ்சாப் பிறகு, வாயைத் திறக்க முன்னம் ஒண்டு கேள்: "டொக்டர், பைக்கற்றை எனக்கு முன்னாலை உடைப்பீங்களோ? போத்தில் புதுசோ?" நல்ல ஆள் எண்டால் சிரிச்சுக்கொண்டு உடைச்சுக் காட்டுவார். மூஞ்சியைத் தூக்கினால் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியிலை வா. கொழும்பிலை அரசாங்கப் பல் ஆஸ்பத்திரியும் இருக்கு. அதுக்கும் வெள்ளெனப் போனால்தான் நம்பர் கிடைக்கும், ஓடு.