குந்தவை என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: பிறந்திருக்கும் மகளுக்குக் குந்தவை என்று பெயர் வைக்க ஆசை. பள்ளியில் ‘குந்த வை’ என்று பிரித்துக் கேலி செய்வார்களே என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாக வையுங்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதுமே அறிவும் கம்பீரமும்தான் கண்முன் வரும். கல்வெட்டுக் குந்தவையோ கதையில் வருபவரைவிடப் பெரியவர். திண்டிவனம் பக்கத்துத் தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்கும் கோயில் எடுத்தவர். தஞ்சைப் பெரிய கோயிலில், தான் கொடுத்ததைச் சொன்ன கையோடு அக்கா குந்தவை கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னார் ராஜராஜ சோழன். ராஜராஜனின் மகளுக்கும் இதே பெயர்தான். கேலி செய்யும் பிள்ளைகளைப் பக்கத்தில் குந்த வைத்து இதையெல்லாம் சொல்லுங்கள். செல்லமாக ‘குந்தி’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள்; அது பாண்டவர் வீட்டுப் பெயர்!