தவறிய குறிக்கு யார் பொறுப்பு? விலையுயர்ந்த ஸ்கோப் குறித்த ஓர் ஆராய்ச்சி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நன்றி நவிலல் நாளுக்கு அடுத்து வரும் சனிக்கிழமையில் ரைஃபிள் மான் வேட்டை தொடங்குகிறது. விடிவதற்கு முன்பே லட்சக்கணக்கானோர் ஆரஞ்சு நிற மேலுடை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களில் பலரது ரைஃபிள் 500, 600 டாலர் பெறும். அதன் தலையில் மாட்டும் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, 300 டாலருக்கும் கிடைக்கிறது. ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி தயாரிப்பு என்றால் 3000 டாலருக்கும் அதற்கு மேலும் போகிறது. பத்து மடங்கு காசுக்குப் பத்து மடங்கு மான் விழுமா என்பதே இங்கே எடுத்துக்கொண்ட பொருள். இதில் இரண்டு மதங்கள் முன்பே நிலவுகின்றன. வாங்கியவர்கள் "விழும்" என்கிறார்கள், வாங்க முடியாதவர்கள் "விழாது" என்கிறார்கள். இரு தரப்பாரும் தங்கள் பணப்பையைச் சாட்சிக்கூண்டில் ஏற்றியிருப்பதால் அவர்களது சொல் செல்லாது. மான் வேட்டையை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்துவிட்ட நாட்டில் உட்கார்ந்து எழுதுபவருக்கோ இதில் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. காண்டல் அளவைக்கு வழியில்லை என்பது உண்மைதான். கருதலையும் உரையையும் வைத்துக்கொண்டு நம்மவர்கள் இதைவிடப் பெரிய விஷயங்களையெல்லாம் முடிவுசெய்திருக்கிறார்கள்.

ஸ்கோப்புக்குத் தொழில் இரண்டு என்பது இக்கட்டுரையின் துணிபு. மானைக் காட்டுவது முதல் தொழில். மான் தப்பி ஓடியபின் பழியை ஏற்றுக்கொள்வது இரண்டாம் தொழில். முதல் தொழிலைப் பற்றி விற்பனையாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்; இரண்டாவதைப் பற்றி ஒருவரும் வாய்திறப்பதில்லை. விலை ஏற ஏற முதல் தொழிலில் கிடைக்கும் கூடுதல் பயன் சுருங்கிக்கொண்டே வருகிறது, இரண்டாம் தொழிலோ அடியோடு ஒழிந்துபோகிறது. ஆகவே கூட்டிக் கழித்துப் பார்த்தால், நடுத்தர விலையைத் தாண்டிக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் வேட்டைக்காரருக்குக் கேடு.

முதலில் வெளிச்சக் கணக்கு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பியனுப்பிவிடும். எட்டுக் கண்ணாடிகள் உள்ள குழாயில் பதினாறு பரப்புகள். கணக்குப் போட்டால் கண்ணுக்கு வந்து சேர்வது பாதிக்குச் சற்று மேல். 1935இல் ஜெர்மனியின் ட்சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்த பிறகு இந்த நிலை மாறத் தொடங்கியது. இன்றைய பல்லடுக்குப் பூச்சில் ஒரு பரப்பு இழப்பது அரை விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அதே பதினாறு பரப்புகளையும் கடந்து 92 விழுக்காடு உள்ளே வந்துவிடும். இந்த வித்தை இப்போது 300 டாலர் சரக்கிலும் ஏறிவிட்டதால், அதற்கும் உச்ச விலைச் சரக்குக்கும் மிச்சமிருக்கும் இடைவெளி சில விழுக்காடுதான். அந்திச் சூரியனுக்கு எதிரே குறிபார்க்கும்போது விலையுயர்ந்த கண்ணாடி கூச்சத்தை அடக்குகிறது, ஓரம் வரை துலக்கமாகக் காட்டுகிறது. இவை உண்மையான சிறப்புகள், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒளி கண்ணுக்குள் நுழைந்தாக வேண்டுமே! முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 56 மில்லிமீட்டர் கண்ணாடியை 8 மடங்கில் வைத்தால் 7 மில்லிமீட்டர். இருட்டில் அந்த அளவுக்கு விரியும் கண்பாவை பெரும்பாலும் இளைஞருக்குத்தான் உண்டு. அறுபது வயதில் அது 5 மில்லிமீட்டருக்கு விரிந்தாலே பெரிது. ஆக, அந்த வெளிச்சத்தை உள்வாங்கும் கண் உள்ளவரிடம் 3000 டாலர் இருப்பதில்லை. 3000 டாலர் சேர்ந்த நாளில் பாவை சுருங்கிவிடுகிறது. இயற்கை இத்தனை கறாராக எந்த வியாபாரத்திலும் குறுக்கிட்டதாகத் தெரியவில்லை.

இயற்கை விட்டுவைத்ததைச் சட்டம் பிடித்துக்கொள்கிறது. விலையுயர்ந்த ஸ்கோப் விற்பது உண்மையில் அந்தியின் கடைசிச் சில நிமிடங்களைத்தான். பென்சில்வேனியா, டெக்சஸ் உள்ளிட்ட பல மாநிலங்களில் சூரியன் மறைந்து அரை மணி நேரத்தில் மான் வேட்டை முடிந்தது. அதற்குமேல் சுட்டால் குற்றம். நவம்பர் கடைசியில் அந்தப் பகுதிகளில் வெறுங்கண்ணுக்கே உருவங்கள் ஓரளவு தெரியும் அந்தி வெளிச்சம் அணைவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். அதாவது சாதாரண ஸ்கோப் திணறத் தொடங்கும் நேரத்தில், சட்டம் வேட்டைக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. ஜெர்மனியில் கதை வேறு. அங்கே மான்களுக்குச் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் வரை அனுமதி உண்டு. காட்டுப்பன்றிக்கோ இரவு முழுவதும் உண்டு. மேடையில் உட்கார்ந்து நிலா வெளிச்சத்தில் பன்றிக்காகக் காத்திருப்பவருக்கு அந்த 8×56 குழாய் காசுக்குத் தகுந்த பொருள். அதே குழாயை வாங்கி அமெரிக்காவில் மாட்டியவர், சட்டம் தடுத்த ஒரு மணி நேரத்தைத் தெளிவாகப் பார்க்கும் உரிமையை மட்டுமே வாங்கியிருக்கிறார்.

துல்லியம் வேண்டாமா எனின், வேண்டும். எவ்வளவு என்பதே கேள்வி. வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறக்குறைய சாப்பாட்டுப் பேப்பர் பிளேட் அளவு, எட்டு அங்குலம். பயிற்சிக்கும் பலர் அதையேதான் ஒட்டிவைத்துச் சுடுகிறார்கள். கிழக்கத்திய காடுகளில் சுடும் தூரம் பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள். அந்தத் தூரத்தில் கடைச்சரக்கு ரைஃபிளே ஒன்றிரண்டு அங்குல வட்டத்துக்குள் தோட்டாக்களைப் போட்டுவிடும். மீதி ஆறு அங்குலத்தையும் தாண்டிக் குறி வெளியே போகிறதென்றால், கண்ணாடியைக் குறை சொல்ல இடமில்லை. மான் எதிரே வந்து நின்றதும் பிடிக்கும் படபடப்புக்கு அங்கே 'பக் ஃபீவர்' என்றே பெயர். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், விசையைச் சுண்டிவிடுவார்கள். ஒரு தடவைகூடச் சுடாமல் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளிவிட்டு, எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்ததாக நம்பி நிற்பவர்களைப் பற்றிய கதைகளும் உண்டு. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் அந்த நடுக்கமும் கூடவே பெரிதாகித் தெரியும். மலையாட்டு வேட்டையில் பேர்பெற்ற எழுத்தாளர் ஜாக் ஓ'கானருக்கு 4 மடங்கே போதுமானதாக இருந்தது.

இனி இரண்டாம் தொழில். குறி தவறியவரின் சட்டையில் பின்பக்கத் தொங்கலைக் கத்தரித்து, பெயரும் தேதியும் எழுதிச் சுவரில் மாட்டிவைப்பது அமெரிக்க வேட்டை முகாம்களின் பழைய வழக்கம். கத்தரிக்கோல் நெருங்கும் வேளையில் 300 டாலர் ஸ்கோப் வைத்திருப்பவர் வாதாடலாம்: "காலையில மேடை ஏறுறப்ப இடிச்சுக்கிச்சு, குறி விலகிடுச்சு." யாரும் நம்பப்போவதில்லை, ஆனாலும் மறுக்கவும் முடியாது. 3000 டாலர்க்காரருக்கு அந்த வாயும் அடைபட்டுவிட்டது. எத்தனை இடித்தாலும் அசையாது என்று நவம்பர் முழுக்க அவரே எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறார். கண்ணாடி, பூச்சு, இயக்கம் என்று ஒவ்வொன்றாகக் குற்றமற்றவை என்று விலகிக்கொள்ள, கூண்டில் நிற்பது அவர் ஒருவரே.

இந்தத் தொழில் கற்பனை எனின், அன்று, வரலாறே உண்டு. ஓரிகன் மாநில மழையில் ஸ்கோப்புக்குள் பனி படர்ந்ததால் மார்க்கஸ் லூப்பால்ட் ஒரு மானைத் தவறவிட்டார், ஆத்திரத்தில் இதைவிட நல்லதை நானே செய்வேன் என்றார் என்பது லூப்பால்ட் நிறுவனம் இன்றும் பெருமையோடு சொல்லும் கதை. 1947இல் அவர்களது முதல் ஸ்கோப் வெளிவந்தது. உள்ளே நைட்ரஜன் அடைத்துப் பனியைத் தடுக்கும் முறையும் அவர்களால் பரவியது. ஒரு பெரும் தொழிலே தவறிய குறிக்குச் சொன்ன காரணத்திலிருந்து பிறந்திருக்கிறது. இப்போது மலிவு ஸ்கோப்புகளிலும் நைட்ரஜன் இருப்பதால், பனி என்ற அருமையான சாக்கு எல்லா வகுப்பாருக்கும் பறிபோய்விட்டது.

அப்படியானால் ஐம்பது டாலர் ஸ்கோப்பே சிறந்ததோ எனின், அதுவும் பொருந்தாது. அந்த விலையில் வருபவற்றில் பல, துப்பாக்கியின் உதைப்பில் உண்மையாகவே குறி விலகிவிடும். உண்மையான காரணத்தைச் சாக்கு என்று சொல்வது முறையாகாது. வயோமிங் போன்ற வெட்டவெளிகளில் நானூறு கெஜத்தில் சுடுபவர் நிலை என்ன எனின், அங்கே தோட்டா இரண்டடிபோலத் தாழ்ந்துவிடும். ஸ்கோப்பின் திருகைத் திருப்பிய அளவுக்குச் சரியாக நகர்ந்து, பின்னோக்கித் திருப்பினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும் இயக்கம் அவருக்குத் தேவை. அவர் கொடுக்கும் காசு வீண்போகாது. அவருக்கு மட்டும் விதிவிலக்கு. தூரத்தில் மானைத் தேடிப் பார்க்க நல்ல கண்ணாடி வேண்டாமா எனின், அதற்கு பைனாகுலர் இருக்கிறது. அடையாளம் தெரியாத எதன்மேலும் துப்பாக்கியைத் திருப்பாதே என்பது அங்கே வேட்டைப் பாதுகாப்பு வகுப்பின் அரிச்சுவடி. ஸ்கோப்பால் தேடுபவர் பக்கத்துப் புதரில் இருக்கும் ஆரஞ்சு மேலுடைக்காரரையும் குறிபார்த்தபடியேதான் தேடுகிறார்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைக்கும் வளையங்களையும் அடித்தகட்டையும் பலர் கவனிப்பதே இல்லை. 3000 டாலரைக் கொட்டியபின் கை சுருங்கி, இருபது டாலர் வளையத்தில் அதை மாட்டுவது தேக்குக் கதவுக்குத் தகரத் தாழ்ப்பாள் போட்டதுபோலத்தான். திருகுகள் தளர்ந்தால் எவ்வளவு உயர்ந்த குழாயும் வழுக்கும், குறி விலகும்; துப்பாக்கி பழுதுபார்ப்பவர் யாரைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார். ஆகவே அவர்கள் வளையத்தை மலிவாகவே வைத்துக்கொள்ளலாம். முகாமில் கத்தரிக்கோலை எடுக்கும்போது திருகைத் தொட்டுக் காட்டினால் போதும்.