பதிவர் சகவாசம்

கேள்வி: பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறேன். தமிழில் வலைப்பதிவு எழுத ஆசை. புத்தகம் பார்த்துக் கற்பதா, பதிவர்கள் கூடுமிடத்துக்குப் போவதா?

பதில்: சந்தேகமென்ன, கூடுமிடத்துக்கே போங்கள்! 2007 ஆகஸ்ட் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் தமிழ்ப் பதிவர்கள் ஒரு பட்டறை கூட்டி, முன்பின் அறியாதவர்களுக்கும் தட்டச்சு முதற்கொண்டு சொல்லிக் கொடுத்தார்களே, அந்த உபகாரத்துக்கு ஈடான பாடப்புத்தகம் இன்னும் அச்சேறவில்லை. தமிழ்99 விசைப்பலகையில் அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டுத் தட்டினால், நடுவிலுள்ள புள்ளி தானே வந்து விழ, ‘அம்மா’ திரையில் நிற்பாள். புத்தகத்தில் இதைப் பத்து முறை வாசித்தாலும் பிடிபடாத சூட்சுமம், பக்கத்தில் அமர்ந்திருக்கும் சிநேகிதரின் விரலைப் பார்த்த க்ஷணத்தில் விளங்கிவிடும்.

உங்கள் ஊருக்கும் இந்த சம்பிரதாயம் புதிதன்று. 2006-இல் பெங்களூரில் தொடங்கிய பார்கேம்ப் கூட்டங்களில் வித்வான், ரசிகர் என்ற பேதமின்றி, வந்தவர் எவரும் எழுந்து தமக்குத் தெரிந்ததைச் சொல்லலாம்; அவ்விதக் கூட்டமே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம். கன்னடப் பதிவர் அருகே இருந்தால் அவரையும் கேளுங்கள்: யூனிகோடு, தலைப்பு, படத்துக்கு உரியவரிடம் அனுமதி முதலிய விஷயங்களில் இரு பாஷைக்கும் கவலை ஒன்றே. தமிழருக்கென்று தனிக் கூட்டம் அகப்படாவிட்டால், அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் நாலு பேரைச் சேர்த்து நீங்களே ஆரம்பியுங்கள். மடிக்கணினியோடு, பாதியில் நின்றுபோன ஒரு கட்டுரையையும் மறவாமல் எடுத்துப் போங்கள்.